டியூ கட்டாத வண்டியை மறைத்து வைப்பது பற்றி ஒரு திருத்தம்

டியூ கட்டாத வண்டியை வேறு ஊரில் நிறுத்திவிட்டால் ஃபைனான்ஸ் கம்பெனியால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு கருத்து இருக்கிறது. இந்தியாவில் சட்டம் அப்படி இல்லைங்க.

வண்டிக் கடன் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஆர்பிட்ரேஷன் (தகராறை நடுவர் மூலம் தீர்ப்பது) பிரிவு இருக்கும். வண்டி கைக்குக் கிடைக்காவிட்டால், 1996ஆம் ஆண்டின் ஆர்பிட்ரேஷன் சட்டம் 9ஆம் பிரிவின்கீழ் கம்பெனி நீதிமன்றம் போகலாம். நீதிமன்றம் அட்வகேட் கமிஷனரை (நீதிமன்றம் சார்பில் செயல்படும் வக்கீல்) நியமித்து, தேவைப்பட்டால் போலீஸ் துணையோடு, வண்டியைக் கைப்பற்றச் சொல்லலாம். அந்த உத்தரவு வந்தபிறகும் ஒளித்தால் நீதிமன்ற உத்தரவை மீறிய சிக்கலும் சேர்ந்துகொள்ளும். இதற்கிடையே வட்டி ஏறும், வண்டியின் மதிப்பு இறங்கும். ஏலத்தில் வந்த பணம் போக மீதி பாக்கியும் கடன் வாங்கியவர் தலையில்தான்.

அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்னது உண்மை. மிரட்டினால் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். ஆனால் அதனால் கடன் ரத்தாகாது.

நீங்களே சரிபார்க்கலாம். ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன் (வண்டி கடனுக்கு ஈடாக இருப்பது) என்ற இடத்தில் ஃபைனான்சியர் பெயர் இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் அவர்கள் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன், ரீபொசெஷன் (வண்டியைத் திரும்ப எடுப்பது) பகுதிகளைப் படியுங்கள். 9ஆம் பிரிவு முழுவதும் இந்தியா கோட் என்ற அரசின் சட்டத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

கட்ட முடியாத நிலை என்றால், நோட்டீஸ் வருவதற்கு முன்பே தவணையை மாற்றியமைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கொடுத்ததற்கு அத்தாட்சியும் வாங்கி வையுங்கள்.