கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில்

திருகோணமலைக் கடற்கரை ஊரான உப்புவெளியில் படுக்கையறை அலுமாரிக்குக் கதவு போட்டு முடிப்பதற்குள் தலை நரைத்துவிடும் போலிருக்கிறது. இழுவைக் கதவென்றால் இடம் மிச்சமாம். மிச்சம்தான்; ஆனால் எந்நேரமும் பாதி அலுமாரிதான் திறக்கும். சேலை இந்தப் பக்கம், அதற்கான சட்டை அந்தப் பக்கம். கீழ்த் தண்டவாளத்தில் மணலும் உப்புக்காற்றுத் துருவும் சேர்ந்தால் அந்தப் பாதியும் அசையாது. பிணைச்சல் கதவோ, இரண்டடி அகலமென்றால் முன்னால் இரண்டடி வெற்றிடம் கேட்கிறது. அங்கேதான் கட்டில் கிடக்கிறது.

"கட்டிலைத் தள்ளிப் போடுங்கள், தங்கச்சி" என்கிறார் தச்சு வேலை செய்யும் ஓடாவியார். எங்கே, கொட்டியாரக் குடாவுக்கா?

கண்ணாடி பதிப்போம் என்கிறார் வீட்டுக்காரர், துடைக்கப்போவது யாரென்று தெரிந்துகொண்டே. சரிவுப் பலகை வைத்த, காற்றுப் புகும் கதவு கேட்டேன். தூசி படியுமாம்! மாரியில் சேலைகளில் பூஞ்சணம் பூக்கும்போது இருவரும் வந்து முகர்ந்து பார்க்கட்டும்.