"அறவழி" என்று போஸ்டரில் போட்டுவிட்டால் ஆயிற்றா?

போஸ்டரில் பத்து வரிக்கு மிரட்டல், கடைசி வரியில் "மாபெரும் அறவழிப் போராட்டம்". அனுமதி மனுவுக்கு ஒட்டும் ஸ்டாம்பு மாதிரி ஆகிவிட்டது இந்தச் சொல். யாரையும் கைநீட்டி அடிக்கவில்லை என்றால் அது அறவழி என்றே பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அடிக்காமல் இருப்பது அதில் கால்வாசிதான்.

அமைதி வேறு, அகிம்சை வேறு, அறப்போர் வேறு. ஊர்வலம் அமைதியாக முடிந்தது என்றால் கல் விழவில்லை, அவ்வளவுதான். குறளில் வரும் இன்னா செய்யாமை ஒருவர் தன் வாழ்க்கையில் கடைப்பிடிக்கும் ஒழுக்கம். கூட்டமாகத் திரண்டு அரசை இறங்கிவரச் செய்யும் முறைக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. அதற்குத் திண்டாடியவர் காந்தி. தென்னாப்பிரிக்காவில் வழங்கிய 'பாசிவ் ரெசிஸ்டன்ஸ்' (செயலற்ற எதிர்ப்பு) என்ற பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு வழியில்லாத எளியவனின் ஆயுதம் என்று அது தொனித்தது. 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் பெயர் கேட்டுப் போட்டியே வைத்தார். அவருடைய உறவினர் மகன்லால் காந்தி 'சதாக்கிரகம்' என்று எழுதி அனுப்ப, அதைத் திருத்தி 'சத்தியாக்கிரகம்' ஆக்கினார். ஆக்கிரகம் என்றால் விடாப்பிடி. ஈழத்தில் சாத்வீகப் போராட்டம் என்பார்கள். 1961-இல் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரசு அலுவலகம்) வாசலில் உட்கார்ந்து நிர்வாகத்தை முடக்கினார்களே, அந்தச் சாத்வீகத்தில் சாதுத்தனம் எதுவும் இல்லை.

இந்த விடாப்பிடி தானாக வராது, பழக வேண்டும். அதற்கு நான் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் நாஷ்வில். நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் சில ஆண்டுகள் பணியாற்றி, காந்திய முறைகளைப் படித்துவிட்டு ஊர் திரும்பிய ஜேம்ஸ் லாசன், 1959-இல் அங்கே ஒரு தேவாலயத்தில் கறுப்பின மாணவர்களுக்குப் பட்டறை நடத்தினார். கடைகளின் உணவு கவுண்டரில் வெள்ளையர் மட்டுமே உட்காரலாம் என்ற வழக்கத்தை உடைப்பதுதான் நோக்கம். பட்டறையில் பாதிப் பேர் கவுண்டரில் உட்காருவதுபோல் உட்காருவார்கள்; மீதிப் பேர் ரவுடிகளாக நடித்துக் கெட்ட வார்த்தை சொல்வார்கள், சிகரெட் புகையை முகத்தில் ஊதுவார்கள், நாற்காலியோடு கீழே தள்ளுவார்கள். விழும்போது தலையை எப்படிக் காப்பது, அடி வாங்குபவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எப்படி அரண் ஆவது, அடிப்பவனின் கண்ணை எப்படி நேராகப் பார்ப்பது என்பதெல்லாம் பாடம். அந்த ஆண்டு இறுதியில் இரண்டு பெரிய கடைகளுக்குச் சிறு குழுவாகப் போய்ச் சாப்பாடு கேட்டார்கள். மறுத்ததும் மேலாளரிடம் பேசிவிட்டுத் திரும்பினார்கள். அது ஒத்திகை.

1960 பிப்ரவரி 13-இல் நிஜமாகவே உட்கார்ந்தார்கள். கையில் கொடுத்த விதிகளைப் பாருங்கள்: திருப்பி அடிக்காதே, திட்டாதே, சிரிக்காதே. நிமிர்ந்து, கவுண்டரைப் பார்த்து உட்கார். தலைவர் சொல்லாமல் இருக்கையை விட்டு எழாதே. விவரம் கேட்பவரைத் தலைவரிடம் அனுப்பு. கடை வாசலையோ உள்ளே நடைவழியையோ மறிக்காதே.

கடைசி விதியை இன்னொரு முறை படியுங்கள். 'அமைதியான' பந்த் நாளில் பத்துப் பேர் வந்து கடைக்காரர் முகத்துக்கு நேரே ஷட்டரை இழுத்துவிடுகிறோமே, அது எந்தக் கணக்கில் வரும்? யாரும் அடிபடவில்லைதான். ஆனால் கடைக்காரர் பயந்துதான் மூடினார். பயம் வேலை செய்த இடத்தில் அறவழி என்ற சொல்லுக்கு இடமில்லை. "சிரிக்காதே" என்பதும் சும்மா போட்ட விதி இல்லை. கேலிச் சிரிப்பு ஒன்று போதும், எதிரே நிற்பவன் கை ஓங்க.

பிப்ரவரி 27-இல் அடி விழுந்தது. போலீஸ் அடித்தவர்களை விட்டுவிட்டு எண்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கைது செய்தது. காலியான இருக்கைகளில் அடுத்த அணி வந்து உட்கார்ந்தது, அதுவும் முன்பே திட்டமிட்டது. அபராதம் 50 டாலர். கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். வெளியே கறுப்பின மக்கள் நகரக் கடைகளில் வாங்குவதையே நிறுத்தினார்கள். கல்லாப்பெட்டி காய்ந்தது. கடைக்காரர்கள் இறங்கிவந்ததில் இதற்குப் பெரிய பங்கு.

அறவழி எங்கே கெடும் என்றால், பழகாதவர்கள் கடைசி நேரத்தில் வந்து சேரும்போது. 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்து, காவலர்கள் எரிந்து செத்தார்கள். ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார் காந்தி. எட்டு ஆண்டு கழித்து உப்பு எடுக்கத் தண்டிக்குக் கிளம்பியபோது உடன் அழைத்துக்கொண்டது ஆசிரமத்தில் பழகிய 78 பேரைத்தான். அதே ஆண்டு ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடத்திச் சென்றதும் நூறு பேரளவுதான். "லட்சம் பேர் திரள்வோம்" என்று கூப்பிடுபவர்களிடம் நான் கேட்பது இதுதான்: எத்தனை பேரைப் பழக்கியிருக்கிறீர்கள்?

நாஷ்வில் முடிவையும் சொல்லிவிடுகிறேன். மே 10-இல் ஆறு கடைகள் கவுண்டரைத் திறந்துவிட்டன. வெற்றி ஊர்வலம் கிடையாது. ஒப்பந்தப்படி, கடைக்காரர்களுக்கு முன்கூட்டியே தெரிந்த நாளில், சிறு சிறு குழுவாகப் போனார்கள். ஆர்டர் கொடுத்தார்கள், சாப்பிட்டார்கள், பணம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.