மறுபடியும் விண்ணப்பித்தவள் சொல்கிறேன்

போன வாரம், முன்பு என்னோடு வேலை பார்த்த தங்கை ஒருத்தி போன் செய்தாள். வெளிநாட்டில் முதுகலை படிக்க விண்ணப்பித்திருந்த உதவித்தொகை கிடைக்கவில்லை. "விடுங்கக்கா, ஒரு தடவ பாத்தாச்சு. நமக்கெல்லாம் சரிப்படாது" என்றாள். அவள் அண்ணன் நான்காவது தடவையாகக் குரூப் 2-க்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் அந்த வீட்டில் யாரும் போதும் என்று சொன்னதில்லை.

அன்று முழுக்க இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். டிஎன்பிஎஸ்சியைத் திரும்பத் திரும்ப எழுதுவதில் நமக்குக் கூச்சமே கிடையாது. உதவித்தொகை என்றால் மட்டும் ஒரே முயற்சியோடு ஏன் எழுந்து வந்துவிடுகிறோம்? தேர்வுக்குக் கட்-ஆஃப் இருக்கிறது. "மூணு மார்க்குல போச்சு" என்று சொல்லிக்கொள்ளலாம், அந்த மூன்று மார்க்கை எங்கே பிடிப்பது என்றும் தெரியும். இங்கே வருவது இரண்டு வரி மின்னஞ்சல். எங்கே சறுக்கியது, எவ்வளவு தூரத்தில் நின்றோம், ஒன்றும் அதில் இருக்காது. அதனால் அதை நம் மேல் எழுதப்பட்ட தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறோம். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருப்பவர்களுக்கு இந்த அடி இன்னும் ஆழமாக விழுகிறது. நம்மால் முடியாது என்று ஏற்கெனவே ஊர் சொல்லி வைத்திருக்கிறது அல்லவா?

எனக்கும் விழுந்தது. சிவகங்கைப் பக்கம் கண்மாய் சீரமைக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் அப்போது வேலை. நீர் மேலாண்மை படிக்க வேண்டும் என்று விண்ணப்பித்தேன். நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. அம்மாவிடம் "வரலம்மா" என்று மட்டும் சொன்னேன். விண்ணப்பத்தோடு அனுப்பிய என் கட்டுரையை எட்டு மாதம் திறக்கவே இல்லை.

திறந்து படித்த நாளில்தான் விஷயம் புரிந்தது. முதல் வரியே, "சிறு வயதிலிருந்தே சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு." இந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அடுத்தது, கட்டுரை முழுக்க 'நாங்கள்'. நாங்கள் தூர்வாரினோம், நாங்கள் பேசினோம், நாங்கள் தீர்த்தோம். தலைமைப் பண்பைக் காட்டச் சொன்ன இடத்தில், "இரு கிராமங்களுக்கு இடையிலான தண்ணீர்ப் பிரச்சினையை நாங்கள் சுமுகமாகத் தீர்த்தோம்" என்று ஒற்றை வரி.

அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் நடந்ததைச் சொல்கிறேன். கடைமடைக்காரர்களுக்கு இரண்டு போகமாகத் தண்ணீர் எட்டவில்லை. மேல்மடைக்காரர்கள் ராத்திரியில் மடையைத் திறந்துகொள்கிறார்கள் என்று பேச்சு. கூட்டம் போட்டால் அடிதடியில் முடிந்தது. மூன்று வாரம் சாயங்காலம் சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். எந்த வயலுக்கு எந்த நாளில் தண்ணீர் பாய்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதினேன். அந்தக் காலத்தில் நீர் பாய்ச்சிய தாத்தா ஒருவரை உட்கார வைத்து, பழைய முறையைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அந்த நோட்டை நடுவில் வைத்துத்தான் இரண்டு ஊரும் பேசியது. நோட்டு போட்டது நான். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஏன் எழுதவில்லை? "தன்னைத்தானே மெச்சிக்கொள்ளுமாம் தவிட்டுக் கொழுக்கட்டை" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள் நம்மை. செய்ததைச் சொல்வதும் பெருமை அடிப்பதும் ஒன்று என்று மனதில் பதிந்துவிட்டது. அந்தத் தேர்வுக் குழுவுக்குச் சிவகங்கையும் தெரியாது, கண்மாயும் தெரியாது, என்னையும் தெரியாது. தாளில் எழுதாதது அவர்களுக்கு நடக்கவே இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுவது தற்பெருமை ஆகாது. இதை என் தம்பி தங்கைகளிடம் எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். முதல் தடவை, பெரிய பதவியில் இருப்பவர் கையெழுத்து வேண்டும் என்று கல்லூரியில் ஒருவரிடம் வாங்கினேன். "ஒழுக்கமான, சுறுசுறுப்பான மாணவி" என்று எழுதிக் கொடுத்தார். அவருக்கு என்னைப் பற்றி அவ்வளவுதான் தெரியும், அவர்மேல் தப்பில்லை. இரண்டாம் தடவை, என்னோடு கரையில் நடந்த எங்கள் களப் பொறியாளரிடம் கேட்டேன். பெரிய பட்டம் எதுவும் இல்லாதவர். அந்த நோட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார்.

இடைப்பட்ட காலம் வீண் என்று நினைக்காதீர்கள். 1983-ல் தொடங்கிய பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். பகுதிநேர வேலை, தன்னார்வப் பணி எல்லாம் அதில் சேரும். அமெரிக்காவில் முதுகலை படிக்க ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை கேட்பது மூன்று வருட முழுநேர வேலை. முதல் தடவை தட்டுத் தடுமாறித் தகுதிக்குள் நுழைந்தவர், அடுத்த வருடம் சொல்வதற்கு நிறைய வைத்திருப்பார். காலம் எதிர்ப்பக்கமும் ஓடும். வளரும் நாட்டவர்களுக்கான ஜெர்மனியின் டிஏஏடி முதுகலை உதவித்தொகைத் திட்டத்தில், கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், திரும்ப எழுதினால் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் போய்விடும். ஆகவே மறுப்பு வந்ததும் முதலில் எடுக்க வேண்டியது காலண்டர். எது காலாவதி ஆகிறது, எது இனிமேல்தான் கனிகிறது என்று பாருங்கள்.

ஒரே கதவைத் தட்ட வேண்டும் என்றும் இல்லை. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையில், பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஒவ்வொரு கூட்டுப் படிப்புக்கும் தனித்தனித் தேர்வுக் குழு. ஒரு குழு வேண்டாம் என்றதை இன்னொன்று வாரி எடுத்துக்கொள்ளும். காத்திருப்புப் பட்டியலில் இருந்தும் இடம் கிடைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. மறுப்புக்குக் காரணம் சொல்லாத வழக்கம் ஒன்று. விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன, எல்லோருக்கும் எழுத முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் கட்டுரையா, அனுபவமா, பரிந்துரையா, எது குறை என்று ஒரு சொல்லாவது சொல்லலாம். அந்த ஒரு சொல், கேட்டுச் சொல்ல ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் அதிகம் தேவை. மற்றவர்களுக்கு அதைப் படித்துச் சொல்ல மாமாவோ சித்தியோ எங்காவது இருப்பார்கள்.

இன்னொன்று, மறுக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, "நாங்க எழுதித் தர்றோம், இந்தத் தடவ உறுதி" என்று காசு பிடுங்கும் ஏஜென்ட்கள். எழுதித் தருவது பழைய "சிறு வயதிலிருந்தே" கட்டுரையைத்தான், கொஞ்சம் நல்ல ஆங்கிலத்தில். உங்கள் கண்மாய் அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு இரண்டாவது தடவை நேர்காணல் வரை போய் நின்றுவிட்டது. மூன்றாவது தடவைதான் கிடைத்தது. மூன்றாவதில் நான் புத்திசாலி ஆகிவிடவில்லை. அதே வேலை, அதே நோட்டு. சொல்லத் தெரிந்திருந்தது. இத்தனைக்குப் பிறகும் கிடைக்காமல் போகிறவர்கள் உண்டு, அவர்களில் என்னைவிடத் திறமையானவர்களைப் பார்த்திருக்கிறேன். இடம் அவ்வளவு குறைவு.

அந்தத் தங்கையிடம் அவளுடைய பழைய கட்டுரையை அனுப்பச் சொன்னேன். நேற்று அனுப்பினாள். மூன்றாவது பத்தியில், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பதினோரு பெண் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்ததை ஒரே வரியில் எழுதித் தாண்டியிருக்கிறாள், 'நாங்கள்' என்று போட்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்காருகிறோம், அந்த வரியிலிருந்து ஆரம்பிக்க. பழைய விண்ணப்பம் கையில் வைத்திருக்கும் வேறு யாராவது இருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் படித்துச் சொல்கிறேன்.