ஐந்தாவது நிமிடம் வரை பொறுத்திருக்கலாம்

நான் போட்ட ஜாஸ் இசைத்தட்டை நான்காவது நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. வராதவர்களும் குழுவில் சுற்றிய வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். "ஆச்சி, போதும். கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் பாத்திரம் உருளுகிற மாதிரி இருக்கிறது" என்று ஒரு குரல். கூடமே சிரித்தது. ஒயரைப் பிடுங்கினார்கள், பழைய படப்பாட்டு ஒன்றைப் போட்டார்கள், கைதட்டினார்கள்.

இரண்டு நாள் எழுதாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

நான் வாய்ப்புக் கேட்டுப் போய் நிற்கவில்லை. "புதிதாக வந்த ஜாஸ் தட்டுகளில் நல்லதாக நாலைந்து சொல்லுங்கள், அரை மணி நேரம் தருகிறோம்" என்று வீடு தேடி வந்து அழைத்தார்கள். மூன்று வாரம் இரவு இரவாக உட்கார்ந்து தேர்ந்தெடுத்தேன். முதலாவதாக வைத்தது அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் இம்மானுவேல் வில்கின்ஸின் 'ப்ளூஸ் ப்ளட்', 2024இல் வந்தது. அதன் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1964இல் நியூயார்க்கின் ஹார்லெமில் டேனியல் ஹாம் என்ற கறுப்பின இளைஞனைப் போலீஸார் அடித்து நொறுக்கினார்கள். வெளியே ரத்தம் தெரிந்தவர்களை மட்டும்தான் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள் என்பதால், அவன் தன் உடம்பில் கன்றிப்போயிருந்த இடத்தைத் தானே பிதுக்கி ரத்தத்தைக் காட்டினான். பிறகு அதைச் சொல்லும்போது 'ப்ரூஸ் ப்ளட்' (கன்றிய ரத்தம்) என்பதற்குப் பதில் வாய் தவறி 'ப்ளூஸ் ப்ளட்' என்று வந்துவிட்டது; ப்ளூஸ் என்பது கறுப்பின மக்களின் பாட்டு வகை. அந்த வாய் தவறுதல்தான் தட்டின் பெயர். இன்னொன்றும் சொல்கிறேன். இந்தப் படைப்பை வில்கின்ஸ் மேடையில் நிகழ்த்தியபோது, இசைக்கு நடுவே அதே மேடையில் ஒருவர் அடுப்பு மூட்டிச் சமைத்தார். சமையலும் அந்த இசையின் பகுதி. இதைச் சொல்வதற்கென்றுதான் ஐந்தாவது நிமிடத்தை வைத்திருந்தேன். சமையற்கட்டு என்று சொன்னவர் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால், அவர் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது என்று நானே எழுந்து நின்று சொல்லியிருப்பேன்.

பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், எனக்கு வருத்தமே இல்லை. முழுதாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

"நம் இசையை விட்டுவிட்டு அமெரிக்காக்காரன் இசை எதற்கு?" என்று குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். பதினாறு பேர் அதற்குக் கைகூப்பியிருக்கிறார்கள். ஐயா, கூட்டத்தின் தொடக்கத்தில் யார் பெயரைச் சொல்லி விளக்கேற்றினோம்? காரைக்குடி மணி. அந்த மிருதங்க மேதை ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜாஸ் குழுவோடு சேர்ந்து வாசித்தவர். அவருக்கு இல்லாத தீட்டு நமக்கு எங்கிருந்து வந்தது? வீணை சாம்பசிவ ஐயர், அவர் அண்ணன் சுப்பராம ஐயர் இருந்த ஊர் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். அந்தச் சகோதரர்கள் வாசித்ததை எங்கள் பாட்டனார்கள் பாய் விரித்து இரவெல்லாம் கேட்டார்கள். நான்கு நிமிடத்தில் ஒயரைப் பிடுங்கவில்லை.

அமெரிக்காக்காரன் இசை என்கிறீர்களே, என் பட்டியலில் இருந்த பெயர்களையாவது பார்த்தீர்களா? விஜய் ஐயர் தமிழ்ப் பெற்றோருக்கு அங்கே பிறந்தவர். வயலினை முறையாகக் கற்றவர், பியானோவை ஏறக்குறையத் தானாகவே பழகியவர். 2024இல் வந்த 'கம்பேஷன்' என்ற தட்டில் லிண்டா மே ஹான் ஓ பாஸும் டைஷான் சோரி டிரம்ஸும் வாசிக்கிறார்கள். மூன்று பேரும் தாளத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக்கொள்கிற விதத்தைத் தனியாவர்த்தனம் கேட்டுப் பழகிய காது உடனே பிடித்துக்கொள்ளும். பாடகி கானவ்யா நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 2024இல் வந்த அவருடைய 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' தட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் கூடியிருக்கிறார்கள். ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' அதில் பஜனை மரபோடு வந்து சேர்கிறது. 2025இல் வந்த அடுத்த தட்டுக்கு அவர் வைத்த பெயர் 'நிலம்'. தமிழ்ச் சொல். நீங்கள் ஒயரைப் பிடுங்கிய வில்கின்ஸின் தட்டிலும் அதே கானவ்யாதான் பாடுகிறார்.

ஜான் கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971இல் ஒரு தட்டுக்கே சச்சிதானந்த சுவாமியின் பெயரை வைத்தார். அந்தச் சுவாமி கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர். தம்புரா சுருதியோடுதான் அந்தத் தட்டு தொடங்குகிறது. இதில் எது அந்நியம்?

"புரியவில்லை" என்றவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்கும் முதலில் புரியவில்லை. "ஒலிபெருக்கி சரியில்லை" என்று சமாதானம் சொன்னவர்களுக்கு ஒரே கேள்வி: அடுத்து வந்த படப்பாட்டுக்கு மட்டும் அது எப்படிச் சரியானது?

ஜாஸ் கேட்பது "மேட்டிமை" என்றும் சொன்னீர்கள். அந்தச் சொல்தான் உள்ளே இறங்கிவிட்டது. அதற்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்க் கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும் பெரியவர், ஊர்வலத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார். போன மாதம் ஒரு மாலை, உள்ளே பட்டாலையில் சாக்ஸபோன் கலைஞர் சார்லஸ் லாயிடின் 'தி ஸ்கை வில் ஸ்டில் பி தேர் டுமாரோ' ஓடிக்கொண்டிருந்தது. 2024 மார்ச் 15, லாயிடின் எண்பத்தாறாவது பிறந்த நாளன்று வெளியான இரட்டைத் தட்டு. பெரியவர் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தார். சாக்ஸபோன் நுழைந்ததும் சீவாளியை வெளியே எடுத்துவிட்டார். அதை விரலிடுக்கில் பிடித்தபடியே இருந்தார், வைக்கவும் இல்லை, மறுபடி வாயில் போடவும் இல்லை. பாட்டு முடிந்த பிறகு கேட்டார்: "வயதானவரா ஆச்சி?" ஆமாம் என்றேன். "மூச்சு குறைந்துவிட்டது. அதை மறைக்காமல், இருக்கிற மூச்சுக்குத் தகுந்த மாதிரி சின்னச் சின்னதாகப் பிடிக்கிறார்" என்றார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஜாஸ் என்ற சொல்லையே அன்றுதான் கேட்கிறார். கடைசியில் அவர் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன்: "எனக்கு ஒட்டவில்லை. ஆனால் இன்னொரு முறை போடுங்கள், அந்த டிரம்ஸ்காரர் எங்கே வந்து நிற்கிறார் என்று பிடிபடவில்லை." அந்தத் தட்டில் டிரம்ஸ் வாசிக்கும் பிரையன் பிளேடின் கையைப் பற்றி இதைவிடச் சரியாக ஒரு விமர்சனம் நான் படித்ததில்லை.

அவரிடம் போய் மேட்டிமை என்று சொல்லுங்கள்.

நம் ஊர்ப் பக்கம் ஹோட்டலாக மாறிய பெரிய வீடுகளில் எந்த இசை ஓடுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஆத்தங்குடித் தரை, பர்மா தேக்குத் தூண், தலைவாழை இலை, மூலையில் மெல்லிய சாக்ஸபோன். அங்கே உங்களில் யாருக்கும் அது பாத்திரம் உருளும் சத்தமாகத் தெரியவில்லை. பேச்சுக்கு அடியில் கேட்காத அளவில் வைத்தால் ஜாஸ் கௌரவம். காது கொடுங்கள் என்றால் மேட்டிமை.

இசைத்தட்டு இந்த மண்ணுக்குப் புதிதா? காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்கு வருமுன் விற்றது இசைத்தட்டுதானே? எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பெட்டியிலும் தட்டுகள் இருந்தன. வீட்டைப் பாகம் பிரித்தபோது, மரக்கதவுகளோடு சேர்த்து அதையும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் போட்டுவிட்டார்கள். அதில் என்னென்ன இருந்தன என்று ஒரு ஆள் கூடப் போட்டுக் கேட்கவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. வண்டியில் ஏற்றும்போது ஒரு தட்டு விழுந்து உடைந்தது. "போகட்டும், பழசுதானே" என்றார்கள். சனிக்கிழமை அந்தச் சிரிப்பு எழுந்தபோது எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது.

சிரித்தவர்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. ஒயரைப் பிடுங்கிய அண்ணனுக்குத்தான் இதை எழுதுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன், படிப்பார். கல்லூரியில் படிக்கும்போது எனக்கு முதல் ஜாஸ் கேசட்டைப் பதிவு செய்து கொடுத்தவர் நீங்கள். அட்டையில் பச்சை மையில், சாய்ந்த கையெழுத்தில், பாட்டுகளின் பெயர்களை வரிசையாக எழுதி, கடைசியில் அடிக்கோடிட்டு ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்: "இரண்டு பக்கமும் முடிந்த பிறகு பேசு." நாடா எப்போதோ அறுந்துவிட்டது. அட்டை என்னிடம் இருக்கிறது, அண்ணே.