கார்த் தளத்தில் கை காட்டுபவர்கள்

போன கிழமை பாரிஸில் மச்சாளின் மகளுக்குச் சாமத்திய வீடு. லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்குப் பழகிப்போன பாதைதான். நடுச்சாமத்தில் வெளிக்கிட்டு டோவரில் வரிசையில் நின்று ஃபெரி ஏறினால், கலேயில் இறங்கிக் காலை பத்து மணிக்கு பாரிஸில் நம்மவர் கடைகள் இருக்கும் லா சப்பலில் தேத்தண்ணி குடிக்கலாம். கடலில் ஒன்றரை மணி நேரம். அதைப் பெரும்பாலும் தூங்கியே கழிக்கிறோம். நம்மைத் தூங்கவிட்டு விழித்திருப்பவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன்.

எங்கள் வானை உள்ளே எடுத்தபோது ஒருவர் முன்னால் நின்று கை காட்டினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மஞ்சள் அங்கி, டீசல் மணம், கீழே ஈர இரும்பு. இரண்டு விரலை மடக்கி மடக்கி முன்னால் கூப்பிட்டார். அவர் கண் என் முகத்தில் இல்லை, சக்கரத்திலேயே இருந்தது. பக்கத்துக் காருக்கும் என் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான். உள்ளங்கையைத் தூக்கினார், நிறுத்தினேன். ஹாண்ட்பிரேக் போட்டாயிற்றா என்று சைகையால் கேட்டு, நான் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வண்டிக்குப் போனார். கப்பல் ஆடும்போது ஒரு வண்டி உருண்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

2011, 2012இல் பின்லாந்தில் கட்டி இந்தப் பாதைக்கு வந்த கப்பல்கள் 213 மீட்டர் நீளம். ஒரே தடவையில் 2,000 பயணிகளையும் 180 லொறிகளையும் ஏற்றக்கூடியவை. துறைமுகத்தில் கிடைக்கும் குறைந்த நேரத்துக்குள் எல்லாவற்றையும் இறக்கி, புதிதாக ஏற்றி, பாரம் ஒரு பக்கம் சாயாமல் பார்த்து, கதவை மூடிப் புறப்பட வேண்டும். புறப்பட்டாலும் நிம்மதி கிடையாது. டோவர் நீரிணை வழியாக ஒரு நாளைக்கு 400க்கும் மேற்பட்ட கப்பல்கள் போகின்றன. தென்மேற்கே போகிறவை இங்கிலாந்துப் பக்கம், வடகிழக்கே போகிறவை பிரான்ஸ் பக்கம். நெடுஞ்சாலை போலப் பிரித்துவிட்ட அந்த இரண்டு வழிகளையும் ஃபெரி குறுக்கே கடக்கிறது. அதுவும் ஒரு நாளைக்குப் பல தடவை, இரவும் பகலும், பனிமூட்டத்திலும்.

இந்த வேலையில் சோர்வுக்கும் அவசரத்துக்கும் என்ன விலை என்பது 1987 மார்ச் 6 அன்று தெரிந்தது. பெல்ஜியத்தின் ஸேபுரூக் துறைமுகத்திலிருந்து டோவருக்குப் புறப்பட்ட 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' முன்கதவு திறந்தபடியே கடலுக்குப் போனது. கார்த் தளத்தில் நீர் புகுந்து ஒரு பக்கம் ஓடியது. கப்பல் சில நிமிடங்களுக்குள் சரிந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டியவர் அறையில் தூங்கிப்போனார் என்பதுதான் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு நெஞ்சில் நிற்பது வேறு. கதவு மூடியிருக்கிறதா என்று மேலே நிற்கும் கப்டனுக்குப் பார்க்க வழியில்லை. கதவு மூடியதைக் காட்ட மேலே ஒரு விளக்கு வைத்துத் தாருங்கள் என்று கப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள். நிர்வாகம் காது கொடுக்கவில்லை. விசாரணை நடத்திய நீதிபதி ஷீன், மேலிருந்து கீழ்வரை நிறுவனம் முழுவதிலும் கவனக்குறைவு நோயாகப் பரவியிருந்தது என்று எழுதினார். தூங்கிய ஒருவரோடு அவர் கணக்கை முடிக்கவில்லை. அதனால் அந்த அறிக்கை மேல் எனக்கு மரியாதை.

இப்போது 2022 மார்ச் 17க்கு வருகிறேன். இந்தப் பாதையில் கப்பல் ஓட்டும் பி அண்ட் ஓ ஃபெரீஸ் நிறுவனம் அன்று 786 கடல் தொழிலாளர்களை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வேலையிலிருந்து நீக்கியது. பதிவு செய்து வைத்த ஒரு காணொளி வழியாகச் செய்தி சொன்னார்கள். அவர்களுடைய இடத்துக்கு முகவர் நிறுவனம் மூலம் ஆட்கள் வந்தார்கள். ஒரு கிழமை கழித்து நாடாளுமன்றக் குழு முன்னால் வந்த தலைமை அதிகாரி, தொழிற்சங்கத்தோடு பேச வேண்டும் என்று சட்டம் சொல்வது தெரியும், தெரிந்தே பேசாமல் விட்டோம் என்று ஒப்புக்கொண்டார். புதியவர்களுக்குச் சராசரி மணிக்கு 5.50 பவுண் என்றும் சொன்னார். அன்றைக்கு பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலி 8.91 பவுண். கப்பல்கள் வெளிநாட்டில் பதிவாகி அந்நாட்டுக் கொடியில் ஓடுகின்றன, அதனால் அந்தக் கூலி பொருந்தாது என்றார்கள்.

சரி, மலிவாக ஆள் கிடைத்தால் டிக்கெட் மலியும்தானே என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் சொன்னது இதுதான். அந்த மாத முடிவுக்குள் அந்த நிறுவனத்தின் கப்பல்களான 'யூரோப்பியன் காஸ்வே' வடக்கு அயர்லாந்திலும் 'பிரைட் ஆஃப் கென்ட்' டோவரிலும் சோதனையில் தேறாமல் தடுத்து வைக்கப்பட்டன. ஏப்ரலில் 'ஸ்பிரிட் ஆஃப் பிரிட்டன்' கப்பலுக்கும் அதே நிலை. முதல் கப்பலைத் தடுத்த அதிகாரிகள் சொன்ன காரணங்களில் ஒன்று, புது ஆட்களுக்கு அந்தக் கப்பல் பழக்கப்படவில்லை என்பது. வந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான். ஆனால் எந்தக் கதவு இறுகும், எந்த மூலையில் நீர் தேங்கும், இருட்டில் உயிர்காப்பு அங்கிப் பெட்டி எந்தப் பக்கம் என்பதெல்லாம் ஒரே நாளில் கைக்கு வராது. அந்தப் பழக்கத்தைத்தான் நிறுவனம் ஒரு காலைப் பொழுதில் வெளியே அனுப்பியது.

அப்புறம் சட்டங்கள் வந்தன. 2023இல் பிரிட்டன் கடல் தொழிலாளர் கூலிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், கூலியோடு ஓய்வையும் சேர்த்தது. கப்பலில் எத்தனை நாளோ, கரையில் அத்தனை நாள் ஓய்வு. இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. உறக்கமில்லாத ஒருவரிடம் 2,000 பேரை ஒப்படைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பிரிட்டன் சட்டமோ 2023இல் வந்தபோது பிரிட்டன் கடற்பரப்புக்குள் இருக்கும் நேரத்துக்கு மட்டுமே கூலி பேசியது. நீரிணையின் நடுக்கோட்டைத் தாண்டிய பிறகு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. ஓய்வைப் பற்றி அதில் ஒன்றுமே இருக்கவில்லை. இங்கே வாக்குப் போடுகிற நாம் நம் தொகுதி உறுப்பினருக்கு எழுதிக் கேட்க வேண்டிய விஷயம் இது. நான் எழுதிவிட்டேன்.

திரும்பி வரும்போது கலேயில் வேறு ஒருவர் கை காட்டினார், இளம் பெண். மழை. எங்கள் வான் நின்றதும் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த என் மகனைக் கண்டாள். அடுத்த காரின் கண்ணாடியைத் தட்டி, ஹோர்னை அடிக்க வேண்டாம் என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, அதே கையால் அடுத்த வண்டியைக் கூப்பிட்டாள்.