என் சந்தாப் பணத்தில் யாருக்கோ சம்பளமா?

சந்தா கட்டியவன் பவுண்டரிக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான். அந்தச் சந்தாவிலிருந்து காசு வாங்கியவன் உள்ளே பேட் பிடித்துக்கொண்டிருக்கிறான். உள்ளூர் கிரிக்கெட் கிளப்களில் இன்று நடப்பது இதுதான். இதற்கு ‘அணியைப் பலப்படுத்துவது’ என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். கேட்கும்போதே வயிறு எரிகிறது.

தொழில்முறை கிரிக்கெட்டைப் பற்றி நான் பேசவில்லை. டிக்கெட் விற்று, டிவி உரிமை விற்று நடத்தும் ஆட்டத்தில் ஆடுகிறவருக்குச் சம்பளம் கொடுக்காமல் விட்டால்தான் தப்பு. நான் சொல்வது வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, லீவு நாளில் கைக்காசு போட்டு ஆடுகிறவர்களின் கிளப்பை. அங்கே பந்து வாங்குவது நம் காசில். மைதான வாடகை, அம்பயருக்குக் கொடுப்பது, கிழிந்த வலையை மாற்றுவது எல்லாம் நம் காசில். காசு கொடுத்து ஆட்டம் பார்க்க வருகிறவர் ஒருவரும் கிடையாது. அப்படியிருக்க, பதினொரு பேரில் இரண்டு பேருக்கு மட்டும் மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து கூலி கொடுக்க வேண்டும் என்றால் இது எந்த ஊர் நியாயம்?

எங்கள் கிளப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவுத் தாளைக் கையில் கொடுத்தார்கள். பந்து ஒரு வரி, வாடகை ஒரு வரி, புல்வெட்டும் மெஷின் ரிப்பேர் ஒரு வரி. எல்லாம் பைசா சுத்தமாக இருக்கிறது. கடைசியில் ‘போக்குவரத்து மற்றும் இதர செலவுகள்’ என்று ஒரு வரி. பந்துச் செலவையும் மைதான வாடகையையும் கூட்டினால் வருவதைவிட அது பெரிய தொகை. எங்களில் எல்லாரும் சொந்த வண்டியில், சொந்தச் செலவில் போய் ஆடுகிறவர்கள். பிறகு யாருடைய போக்குவரத்து இது? எழுந்து கேட்டேன். பொருளாளர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கேப்டனைப் பார்த்தார். “அதை அப்புறம் தனியா பேசிக்கலாம்” என்று பதில் வந்தது. பொதுக்குழுவில் பேச முடியாத கணக்கு ஒரு கிளப்புக்கு எதற்கு இருக்க வேண்டும்? கூட்டம் முடிந்து தனியாகப் போய்க் கேட்டபோதுதான், வெளியிலிருந்து வந்த இரண்டு பேருக்கு மேட்சுக்கு மேட்ச் கவரில் பணம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். ரசீது கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. நாளைக்கு வரித்துறை வந்து கேட்டால் கணக்கில் கையெழுத்துப் போட்ட பொருளாளர்தான் மாட்டுவார். அவரும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிற ஒரு தன்னார்வலர்.

வாங்குகிற ஆட்டக்காரர்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. கொடுக்கிறார்கள், வாங்குகிறார். ஆனால் அவர் வந்தபின் கிளப்புக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரோலர் இழுத்து, கிரீஸுக்குச் சுண்ணாம்பு போட்டு, எல்லைக் கொடி நட்டு முடிக்கும்வரை அவரைக் காண முடியாது. டாஸுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் வருவார். மூன்றாவதாக இறங்குவார், நன்றாகவே ஆடுவார், அதில் பொய் இல்லை. ஆட்டம் முடிந்ததும் ஸ்டம்பைப் பிடுங்க ஆள் தேடும்போது அவர் வண்டி கிளம்பியிருக்கும்.

அந்த மூன்றாம் இடத்தில் அதுவரை ஆடிக்கொண்டிருந்தவன் எங்கள் ஜூனியர் அணியில் இருந்து வந்த பையன். காலில் கட்டும் பேடு முட்டிக்கு மேலே ஏறி நிற்கிற வயதிலிருந்து எங்கள் நெட்டில் ஆடியவன். இப்போது அவன் எட்டாவது. அவன் பந்து வீசுகிறவனும் இல்லை. எங்கள் ஸ்கோர் புக்கை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் தெரியும்: எட்டாம் வரியில் அவன் பெயர், பக்கத்தில் ‘பேட் செய்யவில்லை’. அடுத்த பக்கத்திலும் எட்டாம் வரி, அதே வார்த்தை. அதற்கடுத்த பக்கத்தில் ஆட்டமிழக்காமல் 2 ரன். நாள் முழுக்க வெயிலில் ஃபைன் லெக்கில் நின்றுவிட்டு, மேட்ச் ஃபீயையும் கிளப்புக்குக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறான். அவன் கட்டும் காசு அவன் இடத்தைப் பிடித்தவருக்குத்தான் போகிறது என்று அவனுக்குத் தெரிந்த நாளில் அவன் கிளப்பை விட்டுப் போனால், அவனைக் குறை சொல்ல எங்களில் யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

‘உலகம் முழுக்க இதுதான் சார் நடக்குது’ என்று சொல்லி வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். நடக்கிறது என்பது எனக்கும் தெரியும். அமெச்சூர், அதாவது காசுக்கு ஆடாதவன், என்று சொல்லிக்கொண்டே காசு வாங்குவது கிரிக்கெட்டில் மிகப் பழைய வியாதி. இங்கிலாந்தின் பெரிய ஆட்டக்காரர் டபிள்யூ.ஜி.கிரேஸ் தன் வாழ்நாள் முழுக்க அமெச்சூர் என்றே அழைக்கப்பட்டார். 1891-92 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அவர் வாங்கியது 3,000 பவுண்டு, குடும்பச் செலவு தனி. அதே பயணத்தில் போன தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்ததோ அதில் ஒரு சிறு பங்குதான். இங்கிலாந்தில் அமெச்சூர்களுக்கு ஒரு டிரஸ்ஸிங் ரூம், காசுக்கு ஆடுகிறவர்களுக்கு வேறொன்று. ஸ்கோர் அட்டையில் முதலெழுத்தை அமெச்சூருக்குப் பெயருக்கு முன்னாலும் மற்றவருக்குப் பின்னாலும் போடும் அளவுக்குப் போனது அந்தப் பாகுபாடு. லென் ஹட்டன் மாதிரி ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் இங்கிலாந்து டெஸ்ட் அணியின் முறையான கேப்டனாக 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் 1962 இல் அந்தப் பிரிவையே ஒழித்து, முதல்தர கிரிக்கெட்டில் எல்லாரும் வெறும் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள்தான் என்று அறிவித்தார்கள். அங்கே மேல்தட்டுக்காரர் அமெச்சூர் என்ற பெயரில் கள்ளத்தனமாக வாங்கினார். இங்கே ‘போக்குவரத்து’ என்ற பெயரில் கொடுக்கிறோம். அறுபது வருஷத்துக்கு முன்னால் அங்கே தூக்கிப் போட்ட பொய்யை நாம் குட்டிக் குட்டி கிளப்பில் உட்கார்ந்து புதுசாக வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் இங்கிலாந்தின் வடக்கே கிளப்கள் ஆடும் லங்காஷயர் லீக்கை இழுப்பார்கள். சரி, அதையும் பேசுவோம். டிரினிடாடில் இருந்து வந்த லியரி கான்ஸ்டன்டைன் 1929 முதல் 1937 வரை நெல்சன் என்ற சின்ன மில் ஊரின் கிளப்புக்குச் சம்பளம் வாங்கி ஆடினார். அந்த ஒன்பது சீசனில் ஏழு முறை நெல்சன்தான் சாம்பியன். பார்த்தீர்களா, கிளப் ஆட்டத்தில் சம்பளம் கொடுத்தால் என்ன ஆகிறது என்பார்கள். பார்த்தேன். முழுசாகவே பார்த்தேன். அந்த லீக்கில் ஒரு கிளப்புக்கு ஒரே ஒரு புரொஃபஷனல்தான் என்பது எழுதி வைத்த விதி. அவர் யார் என்பது ஊருக்கே தெரியும். அவரைப் பார்க்க ஜனம் கேட்டில் காசு கொடுத்து உள்ளே வந்தது, நெல்சன் போன ஊரிலெல்லாம் கூட்டம் கூடியது. ஒருவர் ஐம்பது அடித்தால் பெட்டியை எடுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவார்கள், ரசித்தவர் தன் இஷ்டத்துக்குப் போடுவார். அதாவது, கான்ஸ்டன்டைனின் சம்பளம் பார்க்க வந்தவன் பாக்கெட்டில் இருந்து வந்தது. எங்கள் கிளப்பில் சம்பளம், சேர்ந்து ஆடுகிறவன் பாக்கெட்டில் இருந்து போகிறது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேச எப்படித்தான் மனசு வருகிறதோ!

அணி ஜெயிக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். ஜெயிக்கத்தான் வேண்டும். தோற்ற நாளில் எனக்கும்தான் தூக்கம் வருவதில்லை. ஆனால் இந்தக் கணக்கை ஒரு நிமிஷம் யோசியுங்கள். லீக்கின் ஒரு பிரிவில், அதாவது ஒரு டிவிஷனில், முதலிடம் ஒன்றுதான். ஒரு கிளப் காசு கொடுத்து ஓர் ஆளைக் கூட்டி வந்தால், அடுத்த சீசனில் எதிர் கிளப் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அதே ஆளைத் தூக்கும். மூன்றாவது கிளப் இரண்டு ஆள் பிடிக்கும். நாலு சீசன் கழித்துப் பார்த்தால் எல்லாக் கிளப்பும் கொடுத்துக்கொண்டிருக்கும், அப்போதும் முதலிடம் ஒன்றுதான். மொத்த லீக்கிலும் ஒரு ரன்கூட அதிகமாக வந்திருக்காது, ஒரு பிட்ச்கூடத் திருந்தியிருக்காது. சந்தா மட்டும் ஏறியிருக்கும். ஏறிய சந்தாவைக் கட்ட முடியாமல் நாலைந்து குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்தியிருக்கும்.

இது என் கற்பனை இல்லை. எங்கள் லீக்கிலேயே ஒரு கிளப், ஸ்பான்சர் ஒருவரை நம்பி அரை அணியை வெளியிலிருந்து பிடித்தது. டிவிஷன் ஏறியது, மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டது. பிறகு அந்த ஸ்பான்சருக்குத் தொழிலில் கஷ்டம் வந்தது, கையை விரித்துவிட்டார். காசு நின்ற அடுத்த வாரமே ஆட்களும் நின்றுவிட்டார்கள். தங்கள் சொந்தப் பையன்களைப் பெஞ்சில் உட்கார வைத்தே விரட்டிவிட்டதால் மேல் டிவிஷனில் ஆடப் பதினொரு பேர் தேறவில்லை. ஆட்டத்தை விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, கடைசியில் லீக்கிலிருந்தே பெயர் போய்விட்டது. அந்த மைதானத்தில் இப்போது அந்தக் கிளப்பின் பெயர் சொல்ல ஒரு ஜூனியர் அணிகூட இல்லை.

ஒரே ஒரு வாதத்தை மட்டும் நான் தலை வணங்கிக் கேட்பேன். தினக்கூலிக்குப் போகிற ஒரு பையன், ஆட்டத்துக்கு வந்தால் அன்றைக்குக் கூலி போய்விடும் என்கிறான். இது நிஜமான கஷ்டம். இதே கேள்வியில்தான் 1895 இல் இங்கிலாந்தில் ரக்பி இரண்டாக உடைந்தது. ஆடுவதற்காக வேலையை விட்டு வருகிற சுரங்கத் தொழிலாளிக்கும் மில் தொழிலாளிக்கும் போன கூலியையாவது ஈடுகட்டுவோம் என்று வடபகுதி கிளப்கள் கேட்டன. மேலிடம் முடியாது என்றது. அவர்கள் தனியாகப் பிரிந்து போனார்கள், அதுவே பின்னாளில் ரக்பி லீக் ஆனது. என்னைக் கேட்டால் வடக்கத்திக்காரர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. அதனால் அந்தப் பையனுக்குச் சந்தாவைத் தள்ளுபடி செய்யுங்கள். ஷூ வாங்கிக் கொடுங்கள், பேட் வாங்கிக் கொடுங்கள், போன கூலியையும் கொடுங்கள். பொதுக்குழுவில் சொல்லிவிட்டே கொடுங்கள், நான் முதல் ஆளாகக் கை தூக்குகிறேன். ஆனால் நம் கிளப்பில் கவர் வாங்குகிறவர்கள் அந்தப் பையனா? நல்ல வேலையில் இருந்துகொண்டு, போன சீசனில் ஒரு கிளப், இந்த சீசனில் ஒரு கிளப் என்று பேரம் பேசித் தாவுகிறவர்கள். இல்லாதவன் பெயரைச் சொல்லி இருக்கிறவனுக்குக் கொடுப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கொடுக்கக் காசு இருந்தால் கொடுக்க வேண்டியவர்கள் கண்ணெதிரே இருக்கிறார்கள். விடியற்காலையில் வந்து பிட்ச்சுக்குத் தண்ணீர் விட்டு, மழை வந்தால் தனியாளாகத் தார்ப்பாயை இழுத்து மூடுகிறாரே, அவருக்கு வருஷக்கணக்காக ஒரே தொகைதான். ஏற்றிக் கொடுக்கக் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். சாயங்காலம் ஜூனியர் பிள்ளைகளுக்கு நெட்டில் பந்து போட்டுக் கை வீங்கிப் போகிற கோச்சுக்குப் போக்குவரத்துச் செலவுகூட இல்லை. நிஜமாகவே போக்குவரத்துக்கு அலைகிறவர் அவர்தான்! ஒவ்வொரு பந்தையும் கண்கொட்டாமல் பார்த்து ஸ்கோர் எழுதுகிறவருக்கு நன்றி சொல்லக்கூட ஆளில்லை. பெண்கள் அணி ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் இரண்டு செட் பேடு வாங்கப் பணம் இல்லை என்று சொன்ன அதே கமிட்டிதான், அதே வருஷத்தில், வெளி ஆட்டக்காரருக்குக் கவர் கொடுத்திருக்கிறது. இதைக் கேட்டால் ‘உனக்குப் பொறாமை’ என்கிறார்கள். நான் ஆடுவது இரண்டாம் அணியில் கீழ் வரிசையில். அந்த வெளி ஆட்டக்காரரின் இடம் எனக்கு எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. பொறாமைப்பட எனக்கு என்ன இருக்கிறது? என் கிளப் என் கண்ணெதிரே வாடகை அணியாக மாறிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

லீக் நிர்வாகத்தையும் விட முடியாது. யார் யார் கொடுக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா? அம்பயர்கள் முதல் பந்து பொறுக்குகிற பையன்கள்வரை எல்லாருக்கும் தெரியும். காசு கொடுக்கவே கூடாது என்று விதி போடுங்கள். முடியாதென்றால் கிளப்புக்கு ஒருவர், அவர் பெயர் பதிவேட்டில், தொகை எழுத்தில் என்றாவது விதி போடுங்கள். லங்காஷயர்க்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே செய்தது நமக்கு ஏன் முடியாது? விதியும் இல்லை, விசாரணையும் இல்லை என்றால், நேர்மையாக நடக்கிற கிளப்தான் ஒவ்வொரு சீசனும் அடி வாங்கும்.

அடுத்த பொதுக்குழுவுக்கு எழுத்தில் தீர்மானம் கொடுத்திருக்கிறேன். ‘இதர செலவுகள்’ என்ற வரியை உடைத்து, யாருக்கு எதற்கு எவ்வளவு என்று ஆள்வாரியாகத் தாளில் போட வேண்டும். வெளி ஆளுக்குக் கொடுப்பதாக இருந்தால் உறுப்பினர்கள் வாக்களித்த பிறகே கொடுக்க வேண்டும், அந்தப் பணம் ஸ்பான்சரிடமிருந்து வர வேண்டுமே தவிரச் சந்தாவிலிருந்து ஒரு பைசா போகக் கூடாது. மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் ஜூனியர் கோச்சுக்கும் கொடுத்து முடித்தபின்தான் மற்ற பேச்சு. வழிமொழிய இன்னும் ஓர் உறுப்பினரின் கையெழுத்து வேண்டும். டிரஸ்ஸிங் ரூமில் என்னோடு சேர்ந்து பொருமுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பேனாவை எடுங்கள்.