பெரம்பூருக்கு எம்எல்ஏ இல்லாத 20 மாதங்கள்

2016 தேர்தலையும் அதற்குப் பிறகு நடந்த ஆட்சியையும் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் அதிமுக எம்எல்ஏக்களைத் தங்கவைத்த கூவத்தூர் ரிசார்ட்டில் ஆரம்பித்து ஓ. பன்னீர்செல்வத்தின் மெரினா சமாதித் தியானத்தில் முடித்துவிடுகிறார்கள். யார் யார் காலில் விழுந்தார்கள், யார் யாரை ஏமாற்றினார்கள், இதுதான் பேச்சு. எனக்கு அந்த ஆட்சியோடு வேறொரு கணக்கு இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதை யாரும் பேசிக் கேட்டதில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

வியாசர்பாடியில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். எங்களுக்குப் பெரம்பூர் தொகுதி. கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருபவர்களில் பாதிப் பேர் கூடவே ஒரு மனுவும் அடித்துத் தரச் சொல்வார்கள். முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, தெருவில் கழிவுநீர் பொங்குவது, பட்டா, ஸ்கூல் சீட்டு என்று எல்லாவற்றுக்கும் மனுதான். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மூன்று வரியும் கை தானாக அடிக்கும். அந்தப் பெறுநர் என்ற வரியில்தான் 2017 செப்டம்பர் 18க்குப் பிறகு நான் மாட்டிக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குத்தான் அதிமுகவின் 18 எம்எல்ஏக்களைச் சபாநாயகர் தனபால் தகுதிநீக்கம் செய்தார். சசிகலாவின் உறவினர் டி.டி.வி. தினகரன் பக்கம் நின்று, முதல்வர் எடப்பாடி பழனிசாமி மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்கள் அவர்கள். அதில் எங்கள் எம்எல்ஏ வெற்றிவேலும் ஒருவர். அதிலிருந்து 2019 மே 23 அன்று இடைத்தேர்தல் முடிவு வரும்வரை, 20 மாதங்களுக்கு மேல், பெரம்பூருக்கு எம்எல்ஏ கிடையாது.

சரி, எம்எல்ஏ இல்லை, கவுன்சிலர் இருப்பாரே என்று கேட்பீர்கள். அவரும் இல்லை. சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தாகி, இழுத்து இழுத்து, கடைசியில் 2022 பிப்ரவரி 19இல்தான் நடந்தது. நடுவில் மேயர் இல்லை, 200 வார்டுக்கும் கவுன்சிலர் இல்லை, அதிகாரிகள் ஆட்சிதான். ஆக அந்த 20 மாதமும் எங்கள் தெருவுக்கு வார்டிலும் ஆள் இல்லை, கோட்டையிலும் ஆள் இல்லை. நாங்கள் ஓட்டுப் போட்டவர்களில் மிச்சம் இருந்தது எம்பி ஒருவர்தான்.

ஒரு ஆயா அடிக்கடி வருவார். மீன் விற்றுக்கொண்டிருந்தவர், முட்டிவலி வந்து கூடையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். மாதம் ஆயிரம் ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு இரண்டு தடவை எழுதிப் போட்டோம். மகன் இருக்கிறான் என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். மகன் இருக்கிறான், சோறு போடவில்லை, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மூன்றாவது தடவை வந்தபோது, "எம்எல்ஏவுக்கே ஒரு மனு அடிச்சுக் குடு கண்ணு" என்றார்.

"இப்ப எம்எல்ஏ இல்ல ஆயா."

"ஏன், செத்துட்டாரா?"

"இல்ல, பதவி போயிடுச்சு. கேஸ் நடக்குது."

"அவர் பதவி போச்சு, சரி. நான் யாராண்ட போறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மானிட்டரில் பெறுநர் என்று அடித்த வரிக்குக் கீழே கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மாவட்ட ஆட்சியர் அவர்கள் என்று அடித்துக் கொடுத்தேன். அதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு போனார். எம்எல்ஏ இருந்திருந்தால் அந்த ஆயிரம் ரூபாய் கிடைத்திருக்குமா என்றால், சொல்ல முடியாது, கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் வீட்டு வாசலில் போய் நின்று, "உனக்குத்தானே ஓட்டுப் போட்டேன், இதைச் செய்யக்கூடாதா" என்று கேட்க ஒரு ஆள் இருந்திருப்பார். ஆட்சியர் ஆபீசில் அப்படிக் கேட்க முடியுமா?

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 2017 பிப்ரவரி 18 அன்று சட்டசபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. திமுகவினரை வெளியேற்றிவிட்டு நடத்தினார்கள், 122க்கு 11 என்று எடப்பாடி பழனிசாமி ஜெயித்தார். எதிர்த்துப் போட்ட அந்த 11 பேர் ஓ. பன்னீர்செல்வமும் அவருடன் இருந்தவர்களும். எங்கள் சென்னையிலேயே மயிலாப்பூர் எம்எல்ஏ நட்ராஜ் முந்தின நாள் அந்தப் பக்கம் வந்துவிட்டார். சபைக்குள்ளேயே அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்ட அந்த 11 பேருக்கும் பதவி போகவில்லை. ஆகஸ்ட் 21இல் அணிகள் இணைந்ததும் ஓபிஎஸ் துணை முதல்வரே ஆனார். மறுநாள் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களுக்குத்தான் பதவி போனது. நான் இந்த அணி அந்த அணி என்று எதன் பக்கமும் இல்லை. மயிலாப்பூர்க்காரர்களுக்கு எம்எல்ஏ இருந்தார், எங்களுக்கு இல்லை, இது எந்த ஊர் நியாயம் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

அந்தத் தகுதிநீக்கம் யாருக்கு லாபம் என்பதற்குப் பெரிய அரசியல் அறிவு வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும். 234 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு 118 பேர் வேண்டும். 18 பேரைக் கழித்து, அப்போது காலியாக இருந்த ஆர்.கே. நகரையும் கழித்தால் 215. அதில் 108 பேர் இருந்தால் போதும். பெரம்பூரும் பூந்தமல்லியும் திருப்போரூரும் அரூரும் ஆண்டிப்பட்டியும் ஆள் இல்லாமல் கிடந்ததால்தான் கோட்டையில் அந்தக் கணக்கு நின்றது.

அடுத்து நீதிமன்றம். செப்டம்பர் 20ஆம் தேதியே, மறு உத்தரவு வரும்வரை இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று உயர்நீதிமன்றம் சொன்னது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வேறு ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாதுதான், புரிகிறது. ஆனால் தீர்ப்பு எப்போது வந்தது? 2018 ஜூன் 14. அதுவும் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. மூன்றாவது நீதிபதியிடம் போய், தகுதிநீக்கம் செல்லும் என்று அக்டோபர் 25இல் முடிந்தது. ஓட்டுப்பதிவு 2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தலோடு சேர்த்து. காலி இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த ஆறு மாதம் எங்களுக்கு 19 மாதமானது. வழக்கில் 18 பேர் இருந்தார்கள், சபாநாயகர் இருந்தார், அரசு இருந்தது. அந்தத் தொகுதிகளின் ஓட்டர்கள் எங்கே?

பக்கத்துத் தொகுதி ஆர்.கே. நகரில் என் சித்தி இருக்கிறார். அங்கே நேர்மாறு. 2015இல் ஜெயலலிதா போட்டியிடுவதற்காக அப்போது அங்கே எம்எல்ஏவாக இருந்தவர் ராஜினாமா செய்தார், அவரும் இதே வெற்றிவேல்தான். ஜூனில் இடைத்தேர்தல், 2016 மேயில் பொதுத்தேர்தல், அம்மா இறந்த பிறகு 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடா புகாரில் ரத்தான தேர்தல், மறுபடி டிசம்பர் 21இல் இன்னொன்று. சித்தி விரலில் மை அழிவதற்குள் அடுத்த மை வந்தது. அந்த டிசம்பரில் நாடே ஆர்.கே. நகரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூப்பிடு தூரத்தில் எங்கள் தொகுதி காலியாகக் கிடந்தது. ஒரு டிவி சேனல்கூட எங்கள் பக்கம் மைக்கை நீட்டவில்லை.

2018இல் மழை ஏமாற்றியது. அடுத்த மார்ச், ஏப்ரலில் குழாயில் காற்றுதான் வந்தது. எங்கள் தெருவுக்கு லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை, சில வாரம் மூன்று நாளைக்கு ஒருமுறை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வரும் என்று பச்சை, சிவப்பு, ஊதா என்று குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, பெண்கள் எல்லாம் வீட்டு வாசல் படியில் தூங்கி வழிந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். வழக்கமாக இப்படிச் சமயத்தில் எம்எல்ஏ வீட்டு முன்னால் காலிக் குடத்தோடு போய் உட்கார்வது வடசென்னைப் பெண்களின் வழக்கம். அந்த வருஷம் எந்த வீட்டு முன்னால் போய் உட்கார்வது?

"நாம ஓட்டுப் போடறது முதலமைச்சருக்குத்தான், எம்எல்ஏ யாரா இருந்தா என்ன" என்று சொல்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2016இல் நானும் அப்படித்தான் போட்டேன். இரட்டை இலையைப் பார்த்தேன், அமுக்கினேன், வந்துவிட்டேன். நான் மனதில் வைத்துப் போட்ட முதலமைச்சர் ஏழே மாதத்தில் இல்லை. அதன்பிறகு யார் முதல்வர் என்று முடிவு செய்தது யாரா இருந்தா என்ன என்று நாம் விட்டுவிட்ட அந்த எம்எல்ஏக்கள்தான். எங்கள் தொகுதியில் சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த ஒருவர் கூவத்தூரில் இருந்தார், பிறகு பதவி இழந்தார். எதிலும் எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தகுதிநீக்கத்தைச் சபாநாயகர் முடிவு செய்யக் கூடாது. எந்தச் சபாநாயகரும் ஒரு கட்சியில் ஜெயித்து வந்தவர்தானே. 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றமே இதற்குத் தனித் தீர்ப்பாயம் வைப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று சொன்னது, சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அதோடு இன்னொன்றும் வேண்டும். இப்படிப்பட்ட வழக்கை இத்தனை நாளுக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றத்துக்கும் ஒரு கெடு. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் நான் இதைக் கேட்கப்போகிறேன், நீங்களும் கேளுங்கள்.

அந்த 18 தொகுதிகளில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊரில் அந்த 20 மாதம் எப்படிப் போனது, யாரிடம் மனு கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். என் பழைய கம்ப்யூட்டரில் அப்போது அடித்த மனுக்கள் இன்னும் இருக்கின்றன. ஆயாவுடையதும் இருக்கிறது.